லெக்சரர் உடைத்த கோலாக் கொட்டை

சமையலறை இழுப்பறையில் பழைய தைலப் புட்டி ஒன்று கிடக்கிறது. அதற்குள் காய்ந்துபோன கோலாக் கொட்டையின் ஒரு துண்டு. பார்த்தால் பாக்கு மாதிரி இருக்கும். கடித்தால் நாக்கெல்லாம் கசக்கும். என் வீட்டு முன்னறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்த லெக்சரர் கொடுத்தது.

நைஜீரியாக்காரர், இக்போ இனம். தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். கடைத்தெருவில் கேட்டுப் பழகி என்னை "அக்கா" என்றே கூப்பிடுவார். எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி என் ஓட்டை இங்கிலீஷ். அவர் இங்கிலீஷோ ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். எனக்கு அதில் பொறாமைதான், மறைப்பானேன்? சிலிம் ரிவர் பக்க ரப்பர்த் தோட்டத்தில் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளி, அதோடு என் படிப்பு முடிந்தது. மரம் சீவுகிறவன் பிள்ளை மரம் சீவினால் போதும் என்று வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய பள்ளி அது. அந்த ஆத்திரத்தில்தான் என் மகனை இங்கிலீஷிலேயே வளர்த்தேன்.

லெக்சரரின் அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். வெள்ளைக்காரர்கள் போனபிறகும் அவர்களுடைய சட்டத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர். மகன் வாயில் இக்போ வந்தால் பிரம்படி. லெக்சரரின் தங்கையை மட்டும் சிறு வயதிலேயே கிராமத்தில் அத்தை வீட்டுக்கு ஒத்தாசைக்கு அனுப்பிவிட்டார். அவள் இக்போவிலேயே வளர்ந்தாள்.

அந்த அப்பா இறந்த செய்தி வந்தபோது லெக்சரரின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. ஊருக்குப் போக வழியில்லை. அவர்கள் வழக்கப்படி அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன்தான் குடும்பத் தலைவர். அவர் கோலாக் கொட்டையைக் கையில் வைத்து, முன்னோர் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டு உடைக்க வேண்டும். இக்போவில்தான் சொல்ல வேண்டும், முன்னோருக்கு வேறு பாஷை காதில் விழாதாம். முடியாவிட்டால் சித்தப்பா சொல்வார், தலைமையும் அவருக்கே போய்விடும். இரண்டு நாள் தங்கையிடம் போனில் கேட்டு எழுதி, நடையில் உலாத்திக்கொண்டே மனப்பாடம் செய்தார். செமோரிலிருந்து வந்திருந்த என் தம்பி, "என்னலா அக்கா, ஒரு கொட்டய ஒடைக்க இவ்ளோ பாடா?" என்றான். வாயை மூடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே அப்போது காலை. என் சாப்பாட்டு மேசையில் சீனி டின்னில் போனைச் சாய்த்து வைத்தோம். திரையில், அவர் ஊர் வீட்டு முற்றத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா முன்னால் ஒரு தட்டில் இன்னொரு கொட்டை தயாராக இருந்தது. லெக்சரர் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கொட்டையைக் கையில் எடுத்து நன்றாகத்தான் ஆரம்பித்தார். பாட்டன், முப்பாட்டன் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. அப்பா பெயர் வந்ததும் இக்போ நின்றுபோனது. அடுத்து வந்தது "டாடி", அதற்குமேல் இங்கிலீஷ். சித்தப்பா தட்டுக்குக் கை நீட்டினார்.

ஆண்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் விட்ட வரியைச் சொன்னது. தங்கை. இந்த வேண்டுதலில் பெண்கள் வாய் திறக்கக் கூடாதாம். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். லெக்சரர் அந்த வரியைத் திருப்பிச் சொன்னார். அவள் அடுத்ததைச் சொன்னாள், இவரும் சொன்னார். கடைசி வரிவரை அப்படியே போனது. சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். லெக்சரர் உடைத்த கொட்டை நாலாகப் பிரிந்தது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

போனை வைத்தபின் மலாயில் சொன்னார்: "அக்கா, அப்பாகிட்ட இந்தப் பாஷையில பேசினா எனக்கு அடி விழும். இனிமே அவர்கிட்ட வேற எந்தப் பாஷையிலயும் பேச முடியாது."

எங்களைத் தமிழோடு தோட்டத்தில் கட்டிப்போட்டார்கள். அவர்களைப் பாஷையிலிருந்து அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். இரண்டும் ஒரே துரைமார் செய்த வேலை. முதலாவதற்காக ஆயுசெல்லாம் கோபப்பட்டவள், இரண்டாவதை அன்றுவரை நினைத்தே பார்த்ததில்லை. நான் அழுதேன். அவர் அப்பாவுக்காக என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

லெக்சரர் ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. நேற்று கத்தரிக்கோல் தேடியபோது புட்டி கையில் தட்டுப்பட்டது. அந்த நேரம் பார்த்து கோலாலம்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். வழக்கம்போல இங்கிலீஷில் வேலைக் கதை ஓடியது.

"தமிழ்ல சொல்லுடா" என்றேன்.

சிரித்தான். "எதுக்குமா? உங்களுக்குத்தான் வெளங்குதே."

"எனக்கு இப்ப வெளங்குது. நான் போன பின்னால ஒனக்கு வேணும்லா."

புரியவில்லை அவனுக்கு. இருந்தாலும், காலையில் என்ன சாப்பிட்டான் என்பதைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான்.