கோட்டைச் சுவரில் ஒரு கல் குறைகிறது

இல்லாத சுவரைத் தேடுவது என் தொழில்; இதில் மண்ணை நம்பலாம், மண்ணுக்கு மேலே நிற்பவர்களை நம்பக் கூடாது. நீங்களும் வீடு வீடாகப் போய் வேலை பார்ப்பவர் என்றால் இதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் பார்சிப்பனி பக்கம் போன கோடையில் நான் பட்டதைக் கேளுங்கள்.

புல்வெட்டி

அங்கே ஒரு காலத்தில் ஒரு பணக்காரர், ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டை மாதிரியே கல்லில் மாளிகை கட்டியிருந்தார். அதை இடித்துக் கல்லையெல்லாம் அள்ளிப் போய்விட்டார்கள். இன்று அங்கே வரிசையாக வீடுகள். அதில் ஒன்று செந்திலுடையது. ஈரோட்டுக்காரர், ஐ.டி. வேலை. வீட்டின் பின்னால் ஓர் அறை கட்ட விரும்பினார். பழைய சுவரின் மேல் எதுவும் கட்டக் கூடாது, அடியில் அது ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பெர்மிட் என்று ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் சொல்லிவிட்டது. பார்க்கப் போனவள் நான்.

மண்ணுக்குள் பார்க்கும் ரேடார், தள்ளிக்கொண்டு போனால் புல்வெட்டி போலவே இருக்கும். செந்தில் என் பின்னாலேயே நடந்தார். நான் தமிழில் பேசியும் அவர் முகம் தெளியவில்லை. இரண்டு வரிசை முடிந்ததும் கேட்டார்: "மேடம், புல்லும் வெட்டல, மண்ணும் தோண்டல. நெஜமா என்னதான் பண்றீங்க?"

பழுப்புக் கோடு

மழையில்லாத கோடையில் புல்லே காட்டிக்கொடுத்துவிடும். கீழே கல் இருந்தால் வேருக்கு ஈரம் போதாமல் மேலே காய்ந்து கோடு விழும். இங்கும் பழுப்பாக ஒரு நேர்கோடு. ரேடாரும் அதையே காட்டியது. அறை வரவேண்டிய இடத்துக்குச் சற்று முன் கோடு சட்டென்று நின்றது. அங்கே சதுரமாக ஒரு குழி, அதை மூடக் கடையில் வாங்கிய மண். அதற்கப்பால், அறை வரவேண்டிய இடத்தில், உள்ளே கம்பி வலை வைத்துப் போட்ட கான்கிரீட் தளம். ரேடாரால் அதைத் தாண்டிப் பார்க்க முடியாது. வேலிப்பக்கம் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது; மரவேர் என்று ஒதுக்கினேன்.

குழி எப்படி வந்தது என்றேன். செந்தில் வானத்தைப் பார்த்தார். அவர் மனைவி கவிதாதான் பதில் சொன்னார்: "மான் தோண்டியிருக்கும்க்கா. இங்க மான் தொல்லை ஜாஸ்தி."

கராஜ் வாசல்

மூட்டை மண் வாங்கிக் குழியை மூடும் மானை நான் பார்த்ததில்லை. காருக்குப் போகும் சாக்கில் கராஜ் பக்கம் போனேன். வாசலோரம் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு செதுக்கிய கல், சுற்றிலும் தேங்காய்ச் சில்லு. பின்னாலேயே வந்த கவிதா விளக்கினார்: கார் நிறுத்தும் டிரைவ்வேயில் உடைத்தால் கறை படிகிறதாம். அதனால் புதுக் கார் வாங்கும் நண்பர்களெல்லாம் இந்தக் கல்லில்தான் தேங்காய் உடைக்கிறார்களாம்.

குழியிலிருந்து பிடுங்கிய கல் இதுதான் என்று புரிந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து மாடி ஏற முடியவில்லை. ஏழு மாதமாக ஹால் சோபாவில்தான் படுக்கை, உடை மாற்றக்கூட மறைவில்லை என்றார். "கல்லப் பத்தி ரிப்போர்ட்ல எழுதினா அவருக்கு ரூம் இல்லக்கா. எழுதாதீங்க."

ஹால் சோபா

எழுதாவிட்டால்தான் அறை போகும். கல் இருந்த விதம் தெரியாதவரை, சுவர் நேராகத் தளத்துக்கு அடியில் போகிறது என்றுதான் நான் கருத வேண்டும். இதை வீட்டுக்குள் வைத்துச் சொன்னதும் சோபாவிலிருந்து செந்திலின் அப்பா கூப்பிட்டார். நில அளவைத் துறையில் ரிட்டயர் ஆனவர். கல்லைப் பிடுங்காதே என்று மகனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாராம். கேட்கவில்லை என்றதும், அப்போது கால் நன்றாக இருந்ததால், கல்லை எடுக்குமுன் தானே டேப் பிடித்திருக்கிறார். வீட்டு மூலையிலிருந்து இத்தனை அடி, வேலியிலிருந்து இத்தனை அடி, செதுக்கிய முகங்கள் எந்தத் திசை என்று படமே போட்டு வைத்திருந்தார்.

அடுத்தடுத்த இரண்டு பக்கமும் செதுக்கல். அது மூலைக்கல். சுவர் அங்கேயே வேலிப்பக்கம் திரும்பிவிட்டது. மரவேர் என்று நான் ஒதுக்கித் தள்ளிய மங்கல் கோடுதான் அந்தத் திருப்பம், வெட்கமாக இருந்தது. கல் குழிக்குத் திரும்பியது, எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் எழுதினேன், பெர்மிட் வந்தது. இதை ஏன் முதல் நாளே காட்டவில்லை என்று பெரியவரிடம் கேட்டேன். "நீங்க எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியாம அளவக் குடுக்கலாமுங்களா?"

ஆக, ஒருவரையொருவர் துளியும் நம்பாத நான்கு பேர் சேர்ந்து ஒரு சுவரின் மூலையைக் கண்டுபிடித்தோம்.