வெள்ளை அடித்த சுவர்

அன்புமணி என் தங்கை மங்கையின் இளைய மகன். நாற்பது வயது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், என் வீட்டுக்கு எதிரே, இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறான். ஆட்டிசம் என்று டாக்டர் பேர் சொன்னபோதே முப்பது தாண்டிவிட்டது. அதுவரை ஊர் வைத்த பேர்களை நான் சொல்ல மாட்டேன்.

பேச்சு குறைவு. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவான். ஆனால் வல்லம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், சொல்வான்.

மங்கை செத்த பதினாறாம் நாளே அவன் அண்ணன் ஆனந்தராஜ் ஆரம்பித்துவிட்டான்.

"பெரிம்மா, ஹோம்ல சேத்துடலாம். தனியா இன்னா பண்ணுவான் இவன்?"

"அவன் வீட்டுல அவன் இருப்பான். உனக்கு இன்னாடா டென்ஷன்?"

ஒரு வருஷம் பார்க்கலாம், பொங்கலுக்கு வந்து முடிவு செய்கிறேன் என்று போனான்.

உதவிக்கு காஸ்பர் வந்தார். ஐம்பது வயது மனிதர், காலையில் மூன்று மணி நேரம். அன்புமணி பால் காய்ச்சும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சம்பளம் வாங்கினு வேடிக்க பாக்கறியாப்பா?"

"நான் செஞ்சா நாளைக்கும் நான்தான ஆயா செய்யணும்?"

துக்க வீட்டுக்கு ஒரு வருஷம் வெள்ளை அடிக்கக் கூடாது. வருஷம் திரும்பியது. போகிக்கு முதல் நாள், அவன் பஸ் பார்க்கப் போன நேரம், என்னிடமிருந்த சாவியால் திறந்து ஆளை விட்டு அடித்தேன். அடுப்பங்கரைச் சுவர் முழுக்கக் கரிக் கிறுக்கல். அண்ணன்காரன் பார்த்தால் அசிங்கம் என்று அங்கே மட்டும் இரண்டு முறை அடிக்கச் சொன்னேன்.

அது கிறுக்கல் இல்லை என்று பிறகு காஸ்பர் சொல்லித்தான் தெரிந்தது. கேஸை மூடுவது, குளிப்பது, மாத்திரை, கதவு பூட்டுவது என்று வரிசையாக அவன் வரைந்துவைத்தது. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நாளையும் ஓட்டியிருக்கிறான். எனக்கு எழுத்து தெரியாது. அந்தப் படங்களை நின்று பார்த்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும்.

வந்து பார்த்த அன்புமணி சுவரில் நெற்றியை வைத்து உட்கார்ந்தான். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நான் நீட்டிய சோற்றைத் தள்ளிவிட்டான். பொங்கலன்று ஆனந்தராஜ் காரோடு வந்தான்.

"பாத்தியா பெரிம்மா? இவன் துணிய எடுத்து வை."

"அவன் மேல தப்பில்லடா. நான்தான் அழிச்சேன்."

தப்பு என்னுது என்று நான் சொல்லி அவன் கேட்டதே இல்லை. கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

போன் போட்டதும் காஸ்பர் லீவை விட்டு ஓடிவந்தார். ஒரு கரித்துண்டை அன்புமணி பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். வெயில் சாயும் நேரத்தில் அன்புமணி அதை எடுத்தான். அடுப்பு வந்தது, பால் பாத்திரம் வந்தது. சுவர் நிறைந்ததும் எழுந்து பால் காய்ச்சி, கேஸை மூடி, அண்ணனுக்கு ஒரு டம்ளர் நீட்டினான். ஆனந்தராஜ் குடித்துவிட்டுத் தனியாகத்தான் கார் ஏறினான்.

சுவரில் புதிதாக ஒரு படம் இருந்தது. மூடிய கதவு, வெளியே கொண்டை போட்ட கிழவி.

"இது இன்னாப்பா?"

"தட்டிட்டு வரணுமாம் ஆயா," என்றார் காஸ்பர்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். தினமும் தட்டுகிறேன். சில நாள் திறக்கிறான். பல நாள் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் ஓயும்வரை நிற்பேன். பிறகு வீட்டுக்கு வந்து ஒருத்திக்கு மட்டும் சோறு போட்டுக்கொள்கிறேன்.