ஆலாவும் எங்கள் பானை மூடியும்

போன ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்த்தோம். கேமரன் மலையில் தேயிலைக்கும் பனிக்கும் நடுவில் கிடக்கிற எங்களுக்கு அது சின்ன விஷயமா என்ன?

மேலே பிரிஞ்சாங்கில் லோரி ஏறி, கடற்கரை ஊரான லுமுட்டில் இறங்கி, ஒரு படகை வாடகைக்குப் பிடித்தோம். எஸ்டேட் ஆட்களும் பள்ளிக்கூட வாத்தியாரான நானும் சேர்ந்து பதினைந்து பேர். நடுவில் புளிச்சோற்றுப் பானை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பாறை. அதன்மேல் ஓர் ஆலாக் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தாய் ஆலா — புறா அளவுகூட இல்லாத வெள்ளைப் பறவை — அலகில் மீனோடு வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து அவன் இறங்கினான்! கரேலென்று பெரிய பறவை. கத்தரிக்கோல் மாதிரி வால். அடுத்தவர் பிடித்த மீனைப் பிடுங்கித் தின்பதில் மன்னனாம். மலாய்க்காரப் படகோட்டி சொன்னார்.

ஆலா வளைகிறது, அவனும் வளைகிறான். ஆலா சரிகிறது, அவனும் சரிகிறான்…

"குஞ்சு பசியில நிக்குது. பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே," என்றாள் கொழுந்து பறிக்கிற முனியம்மா. போன வாரம்தான் அவளுடைய கோழிக்குஞ்சுகளில் மூன்றைப் பருந்து தூக்கிப் போயிருந்தது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் பருந்து வந்தால் என்ன செய்வோம்? தகரத்தைத் தட்டி, எல்லோரும் கூடிக் கத்துவோம். அதையேதான் செய்தோம். முனியம்மா அகப்பையால் பானை மூடியை டமடமவென்று அடிக்க, மற்றவர்கள் 'ஹோ… ஹோ' என்று கத்த — நானும்தான்.

கரும்பறவை அசரவில்லை. மிரண்டது ஆலாதான். பாறையை நெருங்கிய நேரத்தில் சட்டென்று விலகி, மீனை நழுவவிட்டது. அது தண்ணீரைத் தொடுவதற்குள் அவன் கவ்விக்கொண்டு போய்விட்டான்.

"நானே புடுங்கிக் குடுத்துட்டேனே, வாத்தியாரே," என்றாள் முனியம்மா. கண் கலங்கியிருந்தது. எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம்… நம் சத்தம் யாரை மிரட்டும் என்று யோசிப்பதே இல்லை.

படகோட்டி இன்ஜினைக் கிளப்பப் போனார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மலாயில் கெஞ்சிய முனியம்மா, எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இந்த வாட்டி யாரும் வாயத் தொறக்காதீங்க லா."

வந்தது! புது மீனோடு வந்தது. பின்னாலேயே அவனும். ஆலா இம்முறை அலையை உரசிக்கொண்டு தாழப் பறந்தது. அவ்வளவு கீழே வர அவனுக்குத் தைரியமில்லை. முனியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்து ஆளின் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… போய்விட்டது, மீன் குஞ்சின் வாய்க்குள் போய்விட்டது!

அன்று நாங்கள் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான் — பதினைந்து பேரும் சும்மா இருந்தது.