அடக்கமில்லாத சென்ட்

அத்தை கொடுத்த பழைய காலத்து சென்ட். கனிந்த மாம்பழமும் சம்பங்கியும் சேர்ந்து மூக்கில் குத்தும். அடக்கமே கிடையாது.

இன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும், பின்னால் நின்றவன் என் இடுப்பைக் கிள்ளினான்.

பையிலிருந்த சென்ட் பாட்டிலை எடுத்து அவன் மூக்கிலேயே போட்டேன். மூடி தெறித்து, ரத்தத்தோடு பாதி சென்ட்டும் அவன் சட்டையில் கொட்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டத்தோடு இறங்கி நழுவினான். கண்டக்டர் மோப்பம் பிடித்தே போய், டீக்கடைக்குள் அவனைப் பிடித்தார்.

"ஏலே, ஊரே மணக்கு. எங்க ஒளியுத?" கூடவே ஓர் அறை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவன் மனைவி வந்தாள். உடைந்த மூக்கைப் பார்க்கவேயில்லை. சட்டையை மோந்தாள்.

"யாரு சென்ட்டு இது?"

"என்னுது" என்று நடந்ததைச் சொன்னேன். செருப்பைக் கழற்றி அவனை நாலு போட்டாள்.

பிறகு என்னிடம் வந்து, "மிச்சம் இருந்தா தாங்கக்கா, இந்த ஆளு சட்டைக்குத் தெனமும் தெளிக்கணும்" என்றாள்.

பாட்டிலோடு கொடுத்துவிட்டேன்.

நாளைக்கும் நான் பஸ்ஸில் போக வேண்டும். அதே கனத்தில் பாட்டில் உள்ள சென்ட் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாசம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.