குட்டி நரி ஏன் அழுதது?

அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிறு காலை டிவியில் ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்று இந்தியில் வரும். திங்கட்கிழமை டீ பிரேக்கில் எங்கள் லைன் பெண்களுக்கு அதுதான் பேச்சு. இந்தி தெரிந்தவள்போல் நான்தான் அர்த்தம் சொல்வேன். உண்மையில் ஒரு வார்த்தையும் தெரியாது.

ஒருநாள், “தாய் நரி செத்துப்போச்சு, அதான் குட்டி அழுவுது” என்றேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கை கழுவும்போது, எங்கள் லைனிலேயே வேலை பார்த்த பர்வீன் அக்கா மெல்லச் சொன்னார்: “எங்க வூட்ல உருதுதான். எனக்கு இந்தி புரியும். குட்டிக்குப் பல்வலிம்மா.”

கூசிப்போனேன். “ஏங்க்கா இத்தன நாளா சொல்லல?”

“எல்லாருக்கும் ஒரு கதை. எனக்கு மட்டும் வாரம் ரெண்டு கெடச்சுதே.”

அடுத்த திங்கட்கிழமை எல்லோரிடமும் உண்மையை ஒப்புக்கொண்டு, அந்த வாரக் கதையை அக்காவைச் சொல்லவைத்தேன். அவர் முடித்ததும், “இப்ப உன் கதையச் சொல்லு” என்று என் பக்கம் திரும்பினார்கள்.

அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பயமில்லாமல் புளுகினேன்.