ஆறடி முக்கால் அங்குலம்

அந்த மேஜையின் நீளம் ஆறடி முக்கால் அங்குலம். ஆறடியாக இருந்திருக்க வேண்டியது. கூடுதலான முக்கால் அங்குலம் எங்கிருந்து வந்தது என்று அதைச் செய்தவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடத்தை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

செய்தவர் என் அக்காவின் கணவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய இரும்பு வார்ப்பாலையில் பதினெட்டு வருடம் பேட்டர்ன் மேக்கராக இருந்தார். வார்ப்பாலையில் மரவேலைக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே விளக்கத்தைத்தான் சொல்வார். பம்பின் உடலையோ வால்வின் மூடியையோ இரும்பில் வார்க்க வேண்டுமானால் அதே வடிவத்தை முதலில் மரத்தில் செய்ய வேண்டும். அதை மண்ணில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும், அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே மர உருவம் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டிருக்க முடியாதென்பதால் அவர்களிடம் அதற்கென்றே ஓர் அளவுகோல் உண்டு. கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல் என்பார்கள். பார்வைக்குச் சாதாரண எஃகு ஸ்கேல். ஆனால் அதில் ஓரடி என்று குறித்திருப்பது உண்மையில் ஓரடியும் அரைக்கால் அங்குலமும்.

மாமாவின் ஸ்கேல் இரண்டடி நீளம். எண்கள் பாதி தேய்ந்திருந்தன. மாதத்தில் ஒருநாள் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைப்பார். அந்த வீட்டில் வேறு ஸ்கேல் இல்லை. அக்காவின் தையல் டேப் மட்டும் இருந்தது.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவன். கள்ளிக்குப்பத்தில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். பிற்பகல் ரயிலில் சென்ட்ரலுக்குப் போய் கடைசி ரயிலில் திரும்புவேன். காலை நேரம் முழுவதும் வீட்டில் இருப்பேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மாதத் தொடக்கத்தில் அந்த வார்ப்பாலை தன் பேட்டர்ன் பிரிவை மூடியது. ஐந்து பேருக்கு வேலை போயிற்று. மேனேஜர் ஐந்து பேரையும் அழைத்து, "யாரும் பயப்படாதீங்க. வீட்லயே ஒரு ஒர்க்‌ஷாப் மாதிரி வெச்சுக்கோங்க. லெவலான டேபிள் டாப், நல்ல வைஸ், மழை படாத இடம். நான் நேர்ல வந்து பாத்துட்டு வேலையை வெளியே தரேன்" என்றாராம். மாமாவின் வீட்டுக்கு அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு என்று நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். மாமாவுக்கு நாற்பத்தாறு வயது. மற்ற வார்ப்பாலைகளில் கேட்டுப் பார்த்துவிட்டார். எங்கும் ஆளெடுக்கவில்லை. ஐந்து வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மேஜை நின்றாக வேண்டும்.

இடம் என்று இருந்தது வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவிலிருந்த சந்துதான். அதன் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டு, கீழே சிமென்ட் பூசினார். இரண்டு சுவரையும் ஏறக்குறையத் தொட்டபடி, பின்சுவரில் முதுகு சாய்த்து மேஜை நிற்க வேண்டும் என்றார். இழைக்கும்போது மயிரளவுகூட ஆடக் கூடாது. அளக்க என்னைக் கூப்பிட்டார். தையல் டேப்பின் ஒரு முனையை நான் மதிலில் வைத்துப் பிடித்தேன். மறுமுனையை அவர் படித்தார். சுவருக்குச் சுவர் ஆறடி கால் அங்குலம். "கால் இன்ச்சி லூசு வுட்டுக்கலாம். மேஜ ஆறடி" என்றார். நான் அதை அவருடைய சிகரெட் அட்டையில் எழுதினேன்.

மேல்பலகைக்கு எஸ்டேட்டில் வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து பலகைகள் வாங்கினார். அவற்றில் கறுப்பு மையில் ஒரு கண்ணாடிக் கோப்பையும் ஒரு குடையும் அச்சிட்டிருந்தன. உடையும் பொருள், நனையக் கூடாது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை அடியில் வைத்து, மறுபக்கத்தை இழைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார். மூன்று அங்குல கனம். பலகைகள் பிரியாமலிருக்க இரண்டு முனைகளிலும் இரும்புப் பட்டை பதித்துத் திருகினார். கால்களுக்கு இடித்த வீட்டு வேங்கை மரம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பு மேஜையில் படும் உயரம். பதினெட்டு வருடம் நின்றே வேலை செய்ததில் அவருடைய கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருந்தது. மாற்றி மாற்றிக் காலை வைத்துக்கொள்ள அடியில் ஒரு கட்டை கொடுத்தார். ஸ்கேலுக்கென்று ஓர் இழுப்பறை செய்து, உள்ளே பழைய கம்பளித் துண்டை ஒட்டினார். புதுப்பேட்டையிலிருந்து, மரத்தைக் கவ்விப் பிடிக்கப் பழைய வைஸ் ஒன்று வாங்கிவந்து, துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தார்.

பலகையை நீளத்துக்கு அறுத்த காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டடி ஸ்கேலை மூன்று முறை வரிசையாக வைத்துக் கோடு கிழித்தார். அந்த ஸ்கேல் எப்படிப்பட்டது என்று எனக்கு அவரே பலமுறை சொல்லியிருந்தார். கோடு கிழிப்பதைப் பார்த்தேன். அன்றைய பேப்பரின் மூன்றாம் பக்கத்தில் நானே விட்டிருந்த ஒரு பிழை கண்ணில் பட்டு, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல், மேஜையின் கால்சட்டத்தை முதலில் சந்தில் நிறுத்திவிட்டு, மேல்பலகையைத் தூக்கிவர நான்கு பேர் சேர்ந்தோம். மதில் யாருடையதோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். ஆவடியில் வெல்டர். வாய் ஓயாது. பலகையைச் சாய்த்து உள்ளே கொண்டுபோய் ஒரு முனையை இறக்கினோம். அது சட்டத்தில் உட்கார்ந்தது. மறுமுனை மதிலில் முட்டி, சட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. தட்டினோம். அசையவில்லை.

"இன்னா மாமே, செவுரு சுருங்கிச்சா?" என்றார் வெல்டர்.

"சொம்மா இரு. ஏதோ கல்லு இடிக்குது."

"கல்லு இல்ல, என் மதிலுதான் இடிக்குது. அளந்தியா இல்ல கண்ணாலயே வெட்டுனியா?"

மாமா இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். பலகையின்மேல் வைக்கவில்லை. கையில் வைத்து அதையே பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, "இரும்பு கணக்கு போட்டுட்டேன்" என்றார்.

வெல்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பேப்பர்ல ஒரு புள்ளி வுட்டுப்போனா கண்டுபுடிக்கிற. பக்கத்துலயே குந்திகினு இருந்தியே, கண்ணு இன்னா பண்ணிச்சி?"



"அரை இன்ச்சி தானே, அறுத்துடுங்க" என்றாள் அவரிடம்.

"பட்டைய கழட்டினா பலக வாயத் தொறந்துக்கும். நாளிக்கு அவரு வராரு."

வெல்டர் மதிலைத் தட்டிப் பார்த்தார். "என் மதிலு தானே? பூச்ச ஒடச்சிக்க. நான் இன்னா கலெக்டராண்ட போய் எழுதிக் குடுக்கப் போறேனா?"

உளியால் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தினோம். பலகை இறங்கியது. ரசமட்டத்தை வைத்தபோது குமிழி நட்டநடுவில் நின்றது. மதிலில் மேஜை உயரத்துக்குமேல் இரண்டடி அகலத்துக்குக் காயம் போல் செங்கல் தெரிந்தது. அதை மறைக்க அக்கா மாதா படம் போட்ட காலண்டரைக் கொண்டுவந்தாள். மாமா வேண்டாம் என்றார்.

ஞாயிறு காலை அக்கா முதல் பூசைக்குப் போய்விட்டு எட்டு மணிக்குள் வந்துவிட்டாள். வெல்டர் வீட்டிலிருந்து இரும்பு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். மேனேஜர் பத்தேகாலுக்கு ஸ்கூட்டரில் வந்தார். மேஜைமேல் உள்ளங்கையை ஓட்டினார். குனிந்து, விளிம்பில் ஒரு கண்ணை வைத்து மட்டம் பார்த்தார். வைஸை இரண்டு முறை திருகித் திறந்து மூடினார். "பிரமாதம்ப்பா" என்றார். அதை நான் இன்றும் சந்தேகிக்கவில்லை. பிறகு மதிலைப் பார்த்தார்.

"இது என்ன, எலி கடிச்சுதா?"

தண்ணீர் கசிந்து பூச்சு உதிர்ந்தது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் மாமா, "கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல்ல அளந்துட்டேன் சார்" என்றார்.

மேனேஜர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு சிரித்தார். "ஏம்ப்பா, மேஜையையும் வார்க்கப் போறியா?" சிரிப்பு அடங்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். மாமாவும் சிரித்தார். காபி குடித்துவிட்டு, "சொல்லி அனுப்பறேன்" என்று கிளம்பினார். மொத்தம் இருபது நிமிடம்.

சொல்லி அனுப்பவில்லை.

மாமா தினமும் காலையில் மேஜையைத் துடைத்தார். உளிகளைத் தீட்டி வரிசையாக வைத்தார். மூன்றாம் மாதம் வார்ப்பாலைக்கே போய்ப் பார்த்தார். கேட்டில் உள்ளே விடவில்லை. எதிரிலிருந்த டீக்கடையில் யாரோ, "அண்ணாத்தே, மேஜ வார்த்தாச்சா?" என்று கேட்க, பத்துப் பேர் சிரித்தார்களாம். அதை வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். அதன்பிறகு அந்தச் சாலைப் பக்கம் அவர் போகவில்லை.

பிறகு சில சில்லறை வேலைகள் வந்தன. வெல்டர் ஒரு முக்காலி கேட்டார். மாமா நான்கு நாள் எடுத்துக்கொண்டார். மூன்று காலின் சரிவையும் தகரத்தில் வெட்டிய மாதிரியை வைத்து ஒப்பிட்டார்.

"நைனா, இதுல குந்தப் போறாங்களா, ராக்கெட்டு வுடப் போறாங்களா?" என்றார் வெல்டர்.

"ஆடாது பாரு."

"ஆடாதுதான். பக்கத்து தெரு ஆசாரி சாய்ந்தரத்துக்குள்ள ரெண்டு போட்டுத் தந்துட்டுப் போறான், அதுவும் ஆடமாட்டேங்குது."

அந்த முக்காலிக்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த வருடம் அவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தபோது அக்கா குடங்களை வைக்க இடமில்லாமல் ஒரு குடத்தை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். ஒரு வாரத்தில் ஆறு குடங்கள் நின்றன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் ஸ்டேஷனில், அந்த ஐந்து பேரில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு பேசினார். அவரும் மேஜை போட்டிருந்தார். மேனேஜர் அந்த மாதம் ஒரு ஞாயிறு விடாமல் ஐந்து வீடுகளுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். ஐந்து பேரையும் பாராட்டியிருக்கிறார். யாருக்கும் வேலை தரவில்லை. பேட்டர்ன்களை மொத்தமாகக் கோயம்புத்தூரில் செய்து வாங்குவதென்று, பிரிவை மூடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டதாம். "அப்புறம் எதுக்கு வந்து பாத்தாரு?" என்று கேட்டேன். "வரேன்னு வாய வுட்டுட்டாரே, அதான் வந்துகினு இருந்தாரு" என்றார் அவர்.

செய்தி சரிதானா என்று உறுதி செய்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இன்னொருவரிடமும் விசாரித்தேன். அவரும் அதையேதான் சொன்னார். இதைக் கேட்டால் மாமாவின் மனம் லேசாகும் என்று நினைத்தேன். டியூட்டிக்குக் கிளம்ப, மேஜையின் கால்கட்டையில் ஒரு காலைத் தூக்கிவைத்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டை அதற்குத்தான் பயன்பட்டது. முழுவதையும் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டார்.

"யாரு சொன்னது?"

சொன்னேன்.

"அவன் மேஜைய நான் பாத்துகீறேன் மச்சான். தொட்டா ஆடும். அவனுக்கு எப்புடிக் குடுப்பாரு?"

"அஞ்சு பேருக்குமே குடுக்கல மாமா. உங்க அளவுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

அடுத்த காலைத் தூக்கிவைத்தார். "அவனுங்களுக்கு ஏன் குடுக்கலன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஏன் குடுக்கலன்னு தெரியும். முக்கா இன்ச்சி. அத்த மட்டும் நான் ஒழுங்கா பாத்திருந்தன்னா..."

"பாத்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க."

நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். "போ மச்சான். உனக்கு ரயிலுக்கு நேரமாச்சி" என்றார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

தொண்ணூறுகளின் கடைசியில் வெல்டர் இடத்தை விற்றார். வாங்கியவர் மதிலை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, மேஜையை எடுத்துவிடச் சொன்னார். குடங்களை இறக்கிவிட்டு, எடுக்க முடியுமா என்று நான் போய்ப் பார்த்தேன். பத்து வருடத் தண்ணீரிலும் வெயிலிலும் ஒட்டுகள் விட்டு, பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளிகள் விழுந்திருந்தன. முனைப்பட்டைகள் துருவேறித் திருகாணிகளோடு கையில் வந்தன. அடியில் படுத்துப் பார்த்தேன். கண்ணாடிக் கோப்பையும் குடையும் அழியாமல் இருந்தன.

டேப்பை வைத்து அளந்தேன். மரம் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் சுருங்காது என்று மாமா சொல்லியிருக்கிறார். அகலம் பலகைக்குப் பலகை குறைந்திருந்தது. நீளம் ஆறடி முக்கால் அங்குலம். அவர் சந்தின் முனையில் வாட்ச்மேன் சட்டையோடு நின்றிருந்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. நான் டேப்பைச் சுருட்டினேன்.