ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த ஜப்பான் கேசட்

சித்தப்பாவின் கடிதத்தில் மேல் மூலையில் ‘ஆடி 18’ என்று இருக்கிறது. ஆண்டு போடவில்லை. கடிதம் வந்து சேர்ந்தபோது உறையின் மேல் விழுந்த தபால் முத்திரையில் வண்டிப்பெரியார் என்ற ஊர்ப்பெயரைப் படிக்க முடிகிறது, எண்கள் மை கலங்கிப் போயிருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் வரும் பத்தி இது:

‘பெட்டியைச் சும்மா அணைக்கக் கூடாதாம். வலது பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இடது பக்கத்துச் சுவிட்சைத் தள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே எழுதி வைத்தது அழிந்துவிடும் என்று கடைக்காரர் கையால் காட்டிச் சொன்னார். எனக்குப் புரிந்தவரை எழுதியிருக்கிறேன். பாப்பாவிடம் சொல்லவும்.’

பாப்பா என்பது என் அக்கா. சித்தப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். அதற்கு முந்தைய விடுமுறையில் வந்தபோது, ஜப்பான் துறைமுகம் ஒன்றில் பழைய சாமான் கடையில் வாங்கிய டிவி கேம் பெட்டியையும் இரண்டு கேசட்டுகளையும் எங்களுக்குக் கொண்டுவந்தார். அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்த விடுமுறை அது. ஆகவே கடிதம் அதே ஆண்டு ஆடி மாதத்தது என்று வைத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தோம். நீளமான ஒரே கூரையின் கீழ் ஆறு குடும்பங்கள். எங்களுடையது கடைசி வீடு. அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தார். ஜப்பான் கரண்ட் வேறு, நம் கரண்ட் வேறு என்பது சித்தப்பாவுக்கே தெரியாது. டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்து, “நேரா சொருகியிருந்தா கருகியிருக்கும், கப்பல் மறுபடி ஜப்பானுக்குத்தான் போவணும்” என்று சொல்லி வேறு அடாப்டர் செய்து கொடுத்தார்.

இரண்டு கேசட்டுகளில் ஒன்று சண்டை விளையாட்டு. கம்பு வைத்த ஒருவன், விசிறி வைத்த ஒரு பெண், தொப்பை பெருத்த ஒருவன் என்று எட்டுப் பேர். இருவர் எதிரெதிரே அமர்ந்து அடித்துக்கொள்ளலாம். இதில் எங்கள் லயத்தில் அம்மாவை யாரும் வென்றதில்லை. நாங்கள் பிடிப்பதுபோல் அவர் பிடிக்கவில்லை. கைப்பிடியை மடியில் தட்டையாக வைத்து, கொழுந்து கிள்ளுவதுபோல் இரண்டு கை விரல்களாலும் மாறி மாறித் தட்டுவார். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“என்னலே இது, அடி வாங்கிட்டு குத்துக்கல்லு மாதிரி நிக்கான் ஒன் ஆளு?”

“நீங்க நிக்கவே விடலயேம்மா.”

“நின்னா இலை முத்திரும்.”

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், இரண்டு சண்டை போட்டுவிட்டு அரிசி களையப் போய்விடுவார்.

இன்னொரு கேசட்தான் அக்காவுடையது. நான்கு பேர் ஊர் ஊராக நடந்து, பேய்களோடு சண்டையிட்டு, பலம் சேர்த்து, கடைசியில் ஒரு கோட்டைக்குப் போக வேண்டிய நீண்ட கதை விளையாட்டு. வருவோர் போவோர் எல்லாம் பேசுவார்கள். அத்தனையும் ஜப்பானிய எழுத்து. சேகரிப்பாளர் ஒருவர் இணையத்தில் போட்டிருக்கும் பட்டியலில் கேசட் மேலிருந்த படத்தை வைத்து அதன் பெயரைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்தேன். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படவில்லை என்றும், அங்கேயே அதிகம் பேர் விளையாடவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். நாங்கள் அந்தப் பெயரால் அதை ஒருநாளும் அழைத்ததில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

அக்கா எழுத்தை விட்டுவிட்டு இடத்தைப் படித்தாள். சண்டையில் நான்கு வரிகள் வரும். முதல் வரி அடி, இரண்டாவது மந்திரம், மூன்றாவது மருந்து, நான்காவது ஓட்டம். மந்திரத்துக்குள் மேலிருந்து ஐந்தாவது தீ. ஊர்களுக்கு எஸ்டேட் டிவிஷன்களின் பெயர் வைத்தாள். வழிமறிக்கும் பெரிய பேய்கள் கங்காணிகள். கடைசிக் கோட்டை பெரிய பங்களா, அதற்குள் இருப்பவன் பெரிய துரை. கிணற்றடியில் நிற்கும் கிழவனிடம் பேசினால் அதுவரை ஆடியது கேசட்டுக்குள் பதிந்துவிடும். அடுத்த நாள், தொடக்கத் திரையில் உள்ள மூன்று கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் சில நாள் கட்டம் காலியாக இருக்கும். இரண்டு முறை மொத்தமும் போன பிறகுதான் அக்கா சித்தப்பாவுக்கு எழுதினாள். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆடி 18 கடிதம். அதன்பின் அக்கா பொத்தானை அமுக்கிப் பிடிக்காமல் பெட்டியை அணைத்ததில்லை. முதல் கட்டம் அவளுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது யாருக்கும் இல்லை.

நான் டைரி எழுதத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். மழை, கரண்ட், பஸ், யார் வந்தார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அக்கா பெரிய துரையிடம் தோற்ற நாள்களும் இருக்கின்றன. ஏழு முறை. ஏழாவது முறை தோற்றது ஒரு வியாழக்கிழமை. அடுத்த நாளிலிருந்து அவள் கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். டிவியின் மேல் பந்திப் பாய்கள் ஏறின.

கல்யாணம் முடிந்து அத்தானின் ஊரான ஆனைக்கரைக்குப் புறப்படும் காலையில் அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “ஏலே, முதல் கட்டத்தத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். பெரிய துரையப் பாக்க வேண்டியது நான்.”

அத்தான் வீட்டில் அப்போது டிவி இல்லை. டிவி வந்தபோது பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பின்பு அக்கா ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தாள். பறித்த பச்சைக் காயைக் கழுவித் தட்டுகளில் பரப்பி, அடுப்புச் சூட்டில் ஒரு நாள் முழுக்கக் காய வைக்கும் கட்டடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்று பெயர். இப்போது அங்கே சூடு பார்ப்பது அவள் பொறுப்பு. எங்கள் லயத்து டிவி பழுதானது, பெட்டி பரணுக்குப் போனது, அம்மா ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வந்தோம். பெட்டியும் கூடவே வந்தது. வருடத்துக்கு இரண்டு முறையாவது அக்கா கேட்பாள், “கேசட்டு இருக்குல்ல?” இருக்கிறது என்பேன்.

சென்ற மழையில் அலமாரியைத் திறந்தபோது கேசட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. உள்ளே செம்புப் பற்களிலும் பச்சை ஏறியிருந்தது. அளவு, நிறம், மேல் ஒட்டியிருந்த தாளில் கிழிந்த மூலை எல்லாவற்றையும் குறித்து, படமும் எடுத்து வைத்தேன். பிறகு பெட்டியையும் கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு, குமுளியில் பஸ் மாறி ஆனைக்கரைக்குப் போனேன்.

அங்கே மழைக்காலத்தில் ஈரம் ஏறியது எதுவானாலும் ஸ்டோருக்குத்தான் போகும். காய் ஏற்றிய தட்டுகளுக்கு மேலே சுவரோரமாக ஒரு பலகை உண்டு. பள்ளி சர்ட்டிபிகேட், நிலப் பத்திரம், கல்யாண ஆல்பம், சாமி படம் எல்லாம் அதில் வரிசையாகக் காயும். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை; அவர் வீட்டுச் செருப்பும் அங்கேதான் இருந்தது. அக்கா கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். விரலால் பூஞ்சையைத் துடைத்தாள்.

“சோத்துக்கு அப்புறம் எடுத்துக்கலாம்” என்று ஆல்பத்துக்கும் ஒரு டிகிரி சர்ட்டிபிகேட்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்தாள்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பதினொன்றரைக்கு வைத்தாள், நாலு மணிக்கு எடுத்தாள். கேசட் நன்றாக ஏலக்காய் மணத்தது. வீட்டுக்கு வந்து, பற்களைத் துணியால் துடைத்து, பழைய டிவியில் இணைத்தோம். மூன்றாம் முயற்சியில் படம் வந்தது. அந்த இசையைக் கேட்டதும் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு நேரே வந்து அமர்ந்தாள். பொத்தானை அமுக்கினாள்.

மூன்று கட்டங்களும் காலி.

அக்கா கேசட்டை உருவி மறுபடி சொருகினாள், அப்போதும் காலி. பிறகு, “சூடு கூடிருச்சோ?” என்றாள். “காய்க்கு வைக்கிற சூடுதான். ஆனா இது காயில்லல்ல.”

அத்தான் வாசலில் இருந்து, “அதுக்குள்ள பேட்டரி இருக்குமாம்ல. பேட்டரியப் போய் யாராவது வறுப்பாங்களா?” என்றார்.

“நீங்க வாட்சையே போன மாசம் அங்கதான வச்சீங்க.”

“அது இன்னும் ஓடுதே.”

அக்கா சிரிக்கவில்லை. அன்று நான் கிளம்பும்வரை அவள் தன் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அதுதான் தோன்றியது. இல்லை என்று சொல்லவில்லை. ஸ்டோருக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம். கிழிந்த மூலையை அளந்தவன் அதைச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை எடுத்து, அந்தக் கேசட் கடைசியாக ஓடிய நாளைத் தேடினேன். அக்கா கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமைப் பதிவு: ‘காலை முதல் மழை. கேம் பாதியில் கரண்ட் போனது, மணி 4.10. வரவில்லை. நாளை பரீட்சை.’ அதற்குப் பிறகு கேசட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் இரண்டாம் கட்டத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். கரண்ட் தானாகப் போகும்போது பொத்தானைப் பிடிக்க யாராலும் முடியாது. அதற்கு முன்பு இப்படி அழிந்த இரண்டு முறையும் மொத்தமாகவே அழிந்தது. ஒரு கட்டம் மட்டும் என்று போகவில்லை.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

“மணி கூட எழுதி வச்சிருக்க. மறுநாள் போட்டுப் பாத்தியா?”

“எழுதல.”

“எழுதலயா, பாக்கலயா?”

“தெரியலக்கா.”

“நீ இந்த டைரியப் பாக்காம விட்டிருந்தா நான் ஒரு மாசம் தூங்காம கெடந்திருப்பேன், நீ சும்மா இருந்திருப்ப.” பின்னால் ஸ்டோர் விசிறியின் சத்தம் கேட்டது. “சரி, மூணு பேரு மேல சந்தேகம். பேட்டரி, ஸ்டோரு, நீ.”

“மழையும்தான்.”

“மழைய விடு. அது எப்பவும் தப்பிச்சிரும்.”

குமுளியில் மொபைல் ரிப்பேர் செய்பவர் கேசட்டைத் திறந்தார். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி. மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. எப்போது தீர்ந்திருக்கும் என்று கேட்டேன். “செத்ததப் பாத்து செத்த தேதி சொல்ல நான் டாக்டரா சார்?” என்றார். இதைச் சேகரிப்பவர்கள் இணையத்தில் எழுதியவற்றையும் படித்தேன். சிலருக்குப் பதினைந்து ஆண்டில் தீர்ந்திருக்கிறது, சிலர் முப்பது தாண்டியும் ஓடுகிறது என்கிறார்கள். சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்த ஒருவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

புதிய பேட்டரி வைத்துக் கேசட்டை அக்காவிடம் கொடுத்தேன். முதல் கட்டத்திலேயே புதிதாகத் தொடங்கினாள். அடி, மந்திரம், மருந்து, ஓட்டம் எதையும் அவள் மறந்திருக்கவில்லை. அத்தான் போனின் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து, கிணற்றடிக் கிழவன் பேசுவதைத் தமிழில் படிக்க ஆரம்பித்தார். அக்கா அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

“அவன் என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியும். மறைக்காதீங்க.”

இதை எழுதும்போது அவள் நான்காவது டிவிஷனில் இருக்கிறாள். கேசட் ஸ்டோருக்குப் போகவில்லை. அரிசி டப்பாவில் வைத்திருக்கிறாள். பெட்டியை அணைக்கும்போது வலது கையால் பொத்தானை அமுக்கியபடி, “எழுதிக்கோ, பிடிச்சிட்டேன்” என்று ஸ்பீக்கரில் போட்ட போனில் என்னிடம் சொல்கிறாள். எழுதிக்கொள்கிறேன்.

அன்று பதினொன்றரைக்குப் பலகையின் மேல் வைத்தபோது முதல் கட்டத்தில் அக்காவின் ஆட்டம் இருந்ததா, அதற்கு வெகு முன்பே அந்தச் செவ்வாய்க்கிழமை 4.10-க்கு அழிந்துவிட்டதா, நடுவில் என்றோ பேட்டரி தீர்ந்தபோது போனதா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.